மலையேறும் முன் கூலன்ட்டைப் பாருங்க: ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டிலேயே கூலன்ட் மாற்றும் பாடம்

திருத்தணி மலைப்பாதை ஒன்றும் நீளமானது இல்லை. 365 படிகளை ஏற முடியாதவர்கள் காரிலேயே மேலே போய்விடலாம். ஆனால் கிருத்திகை நாளிலோ, கோடை விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலோ அந்தப் பாதையில் போயிருக்கிறீர்களா? முன்னால் வேன், பின்னால் பஸ், முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து ஏற வேண்டும். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குக் காற்றும் கிடைக்காது. கோடையில் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் திருத்தணியின் பெயர் அடிக்கடி வருவது நமக்குத் தெரியும். இந்த நேரத்தில்தான் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்.

அப்போது நாம் செய்யும் தவறுகள் மூன்று. ஒன்று, அவசரப்பட்டு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது. இரண்டு, கையில் இருக்கும் குடிதண்ணீரை ஊற்றிவிட்டு அத்துடன் மறந்துவிடுவது. மூன்று, பிறகு ஒருநாள் கூலன்ட் மாற்றும்போது பழையதைச் சாக்கடையில் கொட்டுவது. முதலாவது உங்கள் முகத்தையும் கையையும் சுடும், இரண்டாவது இஞ்சினைக் கெடுக்கும், மூன்றாவது பக்கத்து வீட்டு நாயையும் மாட்டையும் கொல்லும். இந்த மூன்றையும் தவிர்த்து, வீட்டிலேயே கூலன்ட்டை முறையாக மாற்றுவது எப்படி என்பதுதான் இன்றைய பாடம். ஸ்போர்ட்ஸ் காரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். சாதாரண பெட்ரோல், டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே படிகள்தான், வேலை மட்டும் கொஞ்சம் சுலபம்.

தண்ணி ஊத்தினா போதாதா?

"எங்க தாத்தா அம்பாசடருக்கு வாழ்நாள் பூரா தண்ணிதான் ஊத்தினாரு, ஒண்ணும் ஆகலையே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பழைய அம்பாசடர் இஞ்சின் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. துருப்பிடித்தாலும் தடித்த சுவர் தாங்கும். இன்றைய கார்களில் சிலிண்டர் ஹெட், ரேடியேட்டர், பல கார்களில் இஞ்சின் பிளாக் எல்லாமே அலுமினியம். ரேடியேட்டரின் குழாய்கள் மிக மெல்லியவை. போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பு, டீ போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது போலவே அவற்றுக்குள்ளும் படியும்.

"நம்ம ஊர்ல பனியா கொட்டுது, ஆன்ட்டி ஃப்ரீஸ் எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. கூலன்ட் என்பது எத்திலீன் கிளைக்கால், தண்ணீர், துருத் தடுப்பு மருந்துகள் ஆகியவற்றின் கலவை. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. நமக்குத் தேவை மற்ற இரண்டு. முதலாவது, உள்ளே இருக்கும் உலோகங்களை அரிக்காமல் காப்பது. இரண்டாவது, கொதிநிலையை உயர்த்துவது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடி இறுக்கமாக இருந்து ஒரு பார் அளவுக்கு அழுத்தம் ஏறினால் அது 125 டிகிரிக்கும் மேலே போகும்.

இதில் குக்கர் கதையும் இருக்கிறது. மூடிய நிலையில் 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் திரவம், மூடியைத் திறந்த அந்த நொடியில் அழுத்தம் இறங்கி, பொங்கி, ஆவியாகப் பாயும். விசில் அடங்காத குக்கரை யாராவது திறப்பார்களா? சூடான ரேடியேட்டர் மூடியும் அப்படித்தான்.

"அப்போ தண்ணி கலக்காம முழுசா கூலன்ட் ஊத்தினா இன்னும் நல்லதா?" இல்லை. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே கெட்டிக்காரன். கிளைக்கால் அளவுக்கு மேல் போனால் இஞ்சின் குளிர்வது குறையும். அதனால்தான் பாதிக்குப் பாதி என்ற கணக்கு.

ஸ்போர்ட்ஸ் காரில் என்ன வித்தியாசம்?

முதலில் அளவு. சின்ன ஹேட்ச்பேக்கில் நான்கைந்து லிட்டர் பிடிக்கும். ஸ்போர்ட்ஸ் காரில் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு கூடப் பிடிக்கலாம்.

இரண்டாவது, இஞ்சின் இருக்கும் இடம். போர்ஷே 718 கேமன் போன்ற கார்களில் இஞ்சின் இருக்கைக்குப் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இடையில் நீளமான குழாய்கள். குழாய் நீள நீள, காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும் இடமும் கூடும். இத்தகைய கார்களுக்கு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கூலன்ட்டை நிரப்பும் வேக்குவம் கருவியை நிறுவனங்களே சொல்கின்றன. அந்தக் கருவி இல்லையென்றால் வீட்டில் தொடாதீர்கள்.

மூன்றாவது, டர்போ. டர்போ சார்ஜரைக் குளிர்விக்கவும் இதே கூலன்ட் ஓடும். சில கார்களில் இன்டர்கூலருக்கென்று தனிச் சுற்றும், தனி டேங்கும் உண்டு. எது எந்த டேங்க் என்று தெரியாமல் திறக்கக் கூடாது. ஹைபிரிட், எலெக்ட்ரிக் கார்களின் பேட்டரிச் சுற்று முற்றிலும் வேறு. அது வீட்டு வேலையே இல்லை.

நான்காவது, உயரம். கார் தாழ்வாக இருப்பதால் ஜாக்கி போட்டுத் தூக்காமல் அடியில் கை போகாது. ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். நிறுவனம் குறித்த இடங்களில் ஜாக்கி ஸ்டாண்ட் கட்டாயம்.

இன்னொரு விஷயம். "ரேஸ்ல வெறும் தண்ணிதான் ஊத்துறாங்க" என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், பல பந்தயங்களில் கிளைக்காலுக்குத் தடை உண்டு. காரணம், அது தரையில் சிந்தினால் வழுக்கும். அந்தக் கார்களை ஒவ்வொரு பந்தயத்துக்கும் பிரித்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கார் தினமும் ஓட வேண்டியது. அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

நீங்களே செய்யலாமா? முதலில் இதைப் பாருங்கள்

காலையில், இரவு முழுக்க நின்று ஆறிய காரில் டேங்க்கைப் பாருங்கள்.

• கூலன்ட் தெளிவாக இருந்து, மாற்றும் காலம் மட்டும் வந்துவிட்டதா? நீங்களே மாற்றலாம்.
• பழுப்பாக, துரு கலங்கியதாக இருக்கிறதா? தண்ணீர் விட்டு அலசி மாற்ற வேண்டும்.
• பாலாடை போல, எண்ணெய் கலந்தது போல இருக்கிறதா? ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். கூலன்ட் மாற்றிப் பயனில்லை. காரை ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.
• நிரப்பினாலும் வாரா வாரம் குறைகிறதா? எங்கோ கசிவு. அதை முதலில் சரிசெய்ய வேண்டும். காருக்குள் இனிப்பு வாசனை, குழாய் இணைப்பில் பூத்தது போல் படிவு, வண்டிக்கு அடியில் ஈரம் ஆகியவை கசிவின் அறிகுறிகள்.

வாரன்டி காலம் முடியாத காராக இருந்தால் சர்வீஸ் புத்தகத்தை ஒருமுறை படியுங்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. சில கூலன்ட்டுகளுக்கு இரண்டு ஆண்டு, நீண்ட ஆயுள் கொண்டவற்றுக்கு ஐந்து ஆண்டு அல்லது அதற்கும் மேல். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கிலோமீட்டர் உங்கள் காருக்குப் பொருந்தாது.

வாங்கும்போது கவனியுங்கள்

கலரைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் நிறுவனம் சேர்க்கும் சாயம், தரத்தின் அடையாளம் அல்ல. வகை மாறிய இரண்டைக் கலந்தால் சில நேரம் கூழ் போலத் திரிந்து ரேடியேட்டரை அடைத்துவிடும். கையேட்டில் என்ன வகை, என்ன தரக்குறியீடு என்று சொல்லியிருக்கிறதோ அதையே கேளுங்கள். நம் நாட்டில் கூலன்ட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 5759. டப்பாவில் அந்த எண் அச்சாகியிருப்பது மட்டும் சான்று ஆகாது. ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால், அதிலுள்ள உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள். உண்மையான உரிமமா, அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பில் கேட்டு வாங்குங்கள்.

டப்பாவில் இன்னொன்றும் பாருங்கள். அப்படியே ஊற்றும் கலவையா, தண்ணீர் சேர்க்க வேண்டிய கான்சென்ட்ரேட்டா? இரண்டும் ஒரே கடையில், ஒரே நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சேர்க்கும் தண்ணீர், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் அல்லது டிஎம் வாட்டராக இருக்க வேண்டும். கேன் தண்ணீர் வேண்டாம்.

மற்றவை: அகலமான பேசின், அளவு குறித்த கேன்கள், புனல், ஸ்பேனர், ஜாக்கி ஸ்டாண்ட், ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய துணி, மண் அல்லது மரத்தூள். கூடவே உங்கள் போன். எந்தக் குழாயைக் கழற்றினாலும் கழற்றும் முன் ஒரு படம் எடுங்கள். திரும்ப மாட்டும்போது அதுதான் துணை.

செய்முறை

1. சமதளத்தில், அதிகாலையில், முழுவதும் ஆறிய இஞ்சினில் தொடங்குங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

2. சாவியை எடுத்துவிடுங்கள். சில கார்களில் சாவி இல்லாமலும் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்றும். ஃபேனுக்குள் கை விடாதீர்கள்.

3. மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடே இல்லையென்றால் மட்டும் மூடியைத் துணி போட்டு மெதுவாகத் திறங்கள். எக்ஸ்பான்ஷன் டேங்க் உள்ள கார்களில் டேங்க் மூடியும் அழுத்தம் தாங்கும் மூடிதான். "அது வெறும் பிளாஸ்டிக் டேங்க்தானே" என்று நினைத்துவிடாதீர்கள்.

4. அடித்தட்டைக் கழற்றி, ரேடியேட்டரின் டிரெயின் காக்கைத் திறந்து, இல்லையென்றால் கீழ் ஹோஸைக் கழற்றி, பேசினில் பிடியுங்கள். பிளாஸ்டிக் காக்கை முறுக்கி உடைக்காதீர்கள்.

5. வந்த அளவை லிட்டரில் அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த எண் பிறகு தேவைப்படும்.

6. பழைய கூலன்ட் தெளிவாக இருந்து, அதே வகையைத்தான் ஊற்றப் போகிறீர்கள் என்றால் அலசத் தேவையில்லை. நேரே 9-ஆவது படிக்குப் போகலாம்.

7. கலங்கலாக இருந்தால், காக்கை மூடி டிஎம் வாட்டர் நிரப்புங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மேல் ஹோஸ் சூடாகும் வரை இஞ்சினை ஓட்டுங்கள். அது சூடானால் தெர்மோஸ்டாட் திறந்து, தண்ணீர் உள்ளே சுற்றுகிறது என்று பொருள்.

8. அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். அவசரமே வேண்டாம், ஆறுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சூடான இஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். வடியும் தண்ணீர் தெளியும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

9. காக்கையும் ஹோஸ் கிளிப்பையும் இறுக்கி, புதிய கூலன்ட்டை மெதுவாக நிரப்புங்கள்.

பலர் கோட்டைவிடும் கணக்கு

ரேடியேட்டரை வடித்தால் எல்லாம் வந்துவிடாது. இஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கொஞ்சம் தங்கிவிடும். தண்ணீர் விட்டு அலசியிருந்தால், அங்கே தங்கியிருப்பது வெறும் தண்ணீர்.

ஒரு உதாரணம். காரின் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர். கடைசியாக வடித்தபோது வந்தது 3.5 லிட்டர். ஆக, உள்ளே 2.5 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. இப்போது பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலன்ட் 3.5 லிட்டர் ஊற்றினால், அதில் கிளைக்கால் வகை மருந்து 1.75 லிட்டர்தான். 6 லிட்டரில் 1.75 என்றால் 29 சதவீதம். காசு கொடுத்து வாங்கியது பாதி பலத்துக்கு வந்துவிட்டது!

சரியான வழி: மொத்தத்தில் பாதி, அதாவது 3 லிட்டர் கான்சென்ட்ரேட்டை முதலில் ஊற்றுங்கள். மீதி அரை லிட்டர் டிஎம் வாட்டர். இப்போது சரியாக 50 சதவீதம். வடிந்த அளவு மொத்தத்தில் பாதிகூட இல்லையென்றால் பிளாக்கில் உள்ள டிரெயின் பிளக்கையும் திறக்க வேண்டும். அது கை எட்டாத இடத்தில் இருந்தால் மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

காற்றை வெளியேற்றாமல் வேலை முடியாது

கூலன்ட் நிரம்பிவிட்டது, டேங்க் முழுசா தெரியுது, வேலை முடிஞ்சுது என்று கிளம்பிவிடாதீர்கள். உள்ளே காற்று மாட்டியிருந்தால் அந்த இடத்தில் உலோகம் மட்டும் காய்ந்து சூடேறும். சென்சார் காற்றில் இருந்தால் முள்கூட உண்மையைச் சொல்லாது. புதுக் கூலன்ட் ஊற்றிய மறுநாளே மலைப்பாதையில் நின்றுபோகும் பல கார்களுக்கு இதுதான் காரணம்.

உங்கள் காரில் பிளீட் ஸ்க்ரூ எங்கே, எத்தனை என்று கையேட்டில் பாருங்கள். குமிழி இல்லாமல் கூலன்ட் வரும் வரை அவற்றைத் திறந்துவைத்து நிரப்புங்கள். பிறகு ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஐடிலில் ஓடவிடுங்கள். மூடியைத் திறந்துவைப்பதா, மூடுவதா என்பதில் கையேடு சொல்வதே முடிவு. ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை முள்ளிலிருந்து கண் எடுக்காதீர்கள். ஏ.சி. துவாரத்தில் சூடான காற்று ஒரே சீராக வந்தால் நல்ல அடையாளம். முள் ஏறியும் அங்கே குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. உடனே இஞ்சினை அணையுங்கள்.

மறுநாள் காலை அளவைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் அதே கலவையால் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவே நிரப்புங்கள். மூன்று நாள் இப்படிப் பார்த்து, ஊருக்குள் ஓட்டிவிட்டுத்தான் திருப்பதிக்கோ மலைப்பாதைக்கோ கிளம்ப வேண்டும். பயணத்துக்கு முதல் நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய கூலன்ட் விஷம்

எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். அதுதான் ஆபத்தே. பேசினில் பளபளவென்று கலராக இருப்பதைக் குழந்தை ஜூஸ் என்று நினைக்கும். நாயும் மாடும் நக்கும். குடித்தவருக்கு முதலில் போதை ஏறியது போன்ற தடுமாற்றம், பிறகு சிறுநீரகம் பாதிக்கப்படும். கொஞ்சம் தெளிந்தது போலத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. வாந்தி எடுக்கவைக்க முயலாமல், உடனே 108-ஐ அழைத்து, டப்பாவையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். நேரத்தோடு போனால் முறிவு மருந்து உண்டு.

வடித்த கூலன்ட்டை அப்போதே மூடியுள்ள கேனில் ஊற்றி, "விஷம் – பழைய கூலன்ட்" என்று பெரிதாக எழுதுங்கள். குடிதண்ணீர், ஜூஸ் பாட்டிலில் ஒருபோதும் வைக்காதீர்கள். அலசிய தண்ணீரும் இதே கணக்குத்தான். பழைய இஞ்சின் ஆயிலோடு கலக்க வேண்டாம். சாக்கடை, காலி மனை, குளக்கரை எதுவும் வேண்டாம். இந்தப் பக்கத்து ஓடைத் தண்ணீர் கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. கழிவை முறையாக அகற்றும் ஒர்க்‌ஷாப் எது என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவையுங்கள். எடுத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் இந்த வேலையை வீட்டில் செய்யாமல் அங்கேயே கொடுத்துவிடலாம். தரையில் சிந்தினால் மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி, அள்ளிக் கட்டுங்கள்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால்

• ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு வெளியே வரும்.
• பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, ஹசார்டு விளக்கைப் போட்டு, இஞ்சினை அணையுங்கள். எல்லோரும் சாலையை விட்டு விலகி நில்லுங்கள்.
• ஆவி அடங்கும் வரை பானெட்டைத் திறக்க வேண்டாம். மூடியை ஒரு மணி நேரமாவது தொடாதீர்கள். இஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
• முழுவதும் ஆறிய பிறகு, வேறு வழியே இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை போகலாம். போனதும் "தண்ணி ஊத்தியிருக்கேன்" என்று சொல்லி, கலவையைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.
• ஆவி பட்டு வெந்துவிட்டால், ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் பூசாதீர்கள். முகம், கண் என்றால் உடனே 108.

போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்

112 – எந்த அவசரத்துக்கும்
108 – ஆம்புலன்ஸ்
1033 – தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால்
1962 – கால்நடைகளுக்கான அவசர மருத்துவ உதவி
1915 – போலிப் பொருள், பில் தகராறு போன்ற நுகர்வோர் புகார்களுக்கு

திருத்தணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நகரி, ஆந்திரா. எல்லை தாண்டினாலும் 112, 108, 1033 ஆகியவை அதே எண்கள்தான். கூடவே உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் சாலை உதவி எண்ணையும் சேர்த்துவையுங்கள். தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கயிறு கட்டி இழுக்கும் வண்டி வேண்டாம், காரை மேலே ஏற்றிச் செல்லும் வண்டி வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள்.

பாடம் புரிந்ததா? உங்களையே கேட்டுப் பாருங்கள்

1. கொள்ளளவு 8 லிட்டர், தண்ணீரில் அலசியபின் வடிந்தது 5 லிட்டர். எவ்வளவு கான்சென்ட்ரேட் வேண்டும்? (4 லிட்டர். மீதி 1 லிட்டர் டிஎம் வாட்டர்.)
2. இரண்டும் பச்சை நிறம், நிறுவனம் மட்டும் வேறு. கலக்கலாமா? (நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. வகையும் தரக்குறியீடும் ஒத்துப்போக வேண்டும்.)
3. முள் சிவப்பில், ஹீட்டரில் குளிர்ந்த காற்று. என்ன அர்த்தம்? (கூலன்ட் குறைவு, அல்லது உள்ளே காற்று. இஞ்சினை அணைக்க வேண்டும்.)

மூன்றுக்கும் சரியாகச் சொன்னீர்களா? அப்போ நாளைக்குக் காலையில், வண்டி ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து அளவை மட்டும் பாருங்க. அதற்கு ஒரு நிமிஷம் போதும்.